தொடர்பு எல்லைக்கு அப்பால்

"அக்கா, இனிமே எனக்கு எதுவும் அனுப்பாதீங்க. என் நம்பரையும் அழிச்சிடுங்க."

ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு எங்கள் பொது வாட்ஸப் எண்ணுக்கு வந்த குரல் பதிவு அது. கோபம்கூட இல்லை, களைத்துப்போன குரல். ஒன்றரை ஆண்டுகளாக நாங்கள் அனுப்பிய ஒவ்வொரு படிவத்தையும் முதல் நாளே நிரப்பி அனுப்பிய தங்கை அவர். என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது. அதைப் பின்னால் சொல்கிறோம். எதற்காக அவருக்குப் படிவம் அனுப்பிக்கொண்டிருந்தோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். நீங்கள் செய்யும் அந்தத் தொடர் ஆய்வைப் போல நாங்களும் ஒன்று தொடங்கப் போகிறோம், எப்படிச் செய்வது என்று கேட்டு மாணவர்கள் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை.

ஊரடங்கு முடிந்து 2021 செப்டம்பரில் கல்லூரிகள் திறந்தன. அதற்கு முன்பே நாங்கள் ஆண்டுதோறும் ஆதிதிராவிடர் நல விடுதிகளுக்குப் போய், மாணவர்களிடம் பேசி, கல்வி உதவித்தொகை வந்ததா, கல்லூரியில் கட்டணம் கேட்டு நிறுத்தி வைத்தார்களா, சாப்பாடு எப்படி என்று எழுதி வாங்கி அறிக்கை வெளியிடுவது வழக்கம். அந்த அறிக்கைகள் ஒன்றைப் போலவே ஒன்று இருக்கும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியரான ஒரு தோழர் ஒருநாள் சாதாரணமாகக் கேட்டார்: "போன வருஷம் பேசின பசங்க இப்ப எங்கப்பா?" எங்களிடம் பதில் இல்லை. விடுதியில் இருப்பவர்களை மட்டுமே நாங்கள் எண்ணிக்கொண்டிருந்தோம். முதல் பருவத் தேர்வுக்குப் பிறகு பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போனவர் அடுத்த ஆண்டு அறிக்கையில் இருக்க மாட்டார். அவர் படுத்திருந்த இடத்தில் வேறொருவர் இருப்பார். நிற்கிற மரங்களை மட்டும் எண்ணிவிட்டுக் காடு அப்படியே இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அதே ஆட்களிடம் திரும்பத் திரும்பப் போவதைத்தான் ஆய்வாளர்கள் பேனல் என்கிறார்கள். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகம் 1968இல் சுமார் 4,800 குடும்பங்களோடு ஒன்றைத் தொடங்கியது. வறுமை ஒழிப்புத் திட்டங்களால் ஏழைகளின் வாழ்க்கையில் என்ன மாறியது என்று பார்க்கப் பிறந்த ஆய்வு. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் வளர்ந்து தனிக்குடித்தனம் போனால் அவர்களையும் பின்தொடர்ந்தார்கள். இன்றுவரை அது நடக்கிறது. இந்தியாவில் ஐஎச்டிஎஸ் என்ற மனித மேம்பாட்டு ஆய்வு 2004-05இல் 41,554 குடும்பங்களைச் சந்தித்து, 2011-12இல் அவர்களில் 83 சதவீதம் பேரைத் திரும்பக் கண்டுபிடித்தது. ஏதோ ஒரு வடிவில் தீண்டாமை கடைப்பிடிப்பதாக 27 சதவீதக் குடும்பங்கள் ஒப்புக்கொண்டது அந்த இரண்டாம் சுற்றில்தான். நம் கூட்டங்களில் அடிக்கடி மேற்கோள் காட்டும் எண் அது. எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை.

நம் மண்ணிலேயே இதற்கு நூறாண்டு பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தன் மாணவர்களைத் தத்தம் ஊர்களுக்கு அனுப்பிக் கணக்கெடுக்கச் சொன்னார். அவற்றில் ஒன்றான விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டுக்கு 1930களிலும் 1980களிலும் 2008இலும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பப் போனார்கள். நிலம் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, பண்ணையாள் முறை எப்படி உடைந்தது என்பதையெல்லாம் ஒரே ஊரின் தொடர்ச்சியில் படிக்க முடிகிறது. 1916இல் கல்லூரி மாணவராக இருந்து கணக்கெடுக்கப் போனவர்கள் யாராக இருந்திருப்பார்கள், சேரிக்குள் எவ்வளவு தூரம் நடந்திருப்பார்கள் என்ற கேள்வி எங்களுக்கு உண்டு. ஆனாலும் எழுதி வைத்தார்கள். நாமும் எழுதி வைக்க வேண்டாமா?

இப்படித்தான் ஆசை வந்தது. 2021இல் முதலாண்டு சேர்ந்த நம் பிள்ளைகளை, படிப்பு முடித்து மூன்று ஆண்டு வரை பின்தொடர்வது என்று முடிவெடுத்தோம். கையில் காசில்லை. ஊர் ஊராகப் போக முடியாது. ஆகவே செல்பேசி வழியாக, ஆண்டுக்கு மூன்று முறை, பதினைந்து நிமிடத்துக்குள் முடியும் ஒரு கூகுள் படிவம்.

முதல் தவறு முதல் வாரத்திலேயே நடந்தது. படிவத்தின் இணைப்பைத் தெரிந்த குழுக்களில் எல்லாம் போட்டோம். பதில்கள் மழையாய்க் கொட்டின. மகிழ்ந்துபோனோம். பெயர்களைப் பார்த்த பிறகுதான் உறைத்தது, பாதிப் பேர் எங்கள் கூட்டத்துக்கு வருகிறவர்கள், மீதிப் பேர் அவர்களின் நண்பர்கள். அண்ணல் அம்பேத்கரின் நூல்களில் எதைப் படித்திருக்கிறீர்கள் என்ற கேள்விக்குக் கிட்டத்தட்ட எல்லோருமே மூன்று நான்கு பெயர்களை எழுதியிருந்தார்கள். நம் வீட்டுக் கண்ணாடியில் முகம் பார்த்துவிட்டு ஊரைக் கணக்கெடுத்ததாக நினைத்துக்கொண்டோம். 1936 அமெரிக்கத் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை சுமார் ஒரு கோடிப் பேருக்கு அட்டை அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல் பதில் வாங்கி, ரூஸ்வெல்ட் தோற்பார் என்று எழுதியது. அவர் 48 மாநிலங்களில் 46இல் ஜெயித்தார். அந்தப் பத்திரிகை முகவரி எடுத்தது தொலைபேசிப் பட்டியலிலிருந்தும் கார் பதிவேட்டிலிருந்தும்தான். எண்ணிக்கை பெரிதாக இருப்பதால் மட்டும் உண்மை வந்துவிடாது.

நெதர்லாந்தில் டில்பர்க் பல்கலைக்கழகத்தோடு இணைந்த நிறுவனம் ஒன்று 2007இல் தொடங்கிய லிஸ் பேனலைப் பற்றிப் படித்தபோது பொறாமையாகத்தான் இருந்தது. சுமார் 5,000 குடும்பங்கள். யாரும் தாமாக வந்து சேர முடியாது. அரசின் மக்கள்தொகைப் பதிவேட்டிலிருந்து குலுக்கல் முறையில் முகவரி எடுத்து, கடிதம் அனுப்பி, வீட்டுக்கே போய்ச் சேர்த்தார்கள். சேர்ந்தால் பணம் தருகிறோம் என்று சொல்வதைவிட, கடிதத்தோடே 10 யூரோ நோட்டை வைத்து அனுப்பினால் அதிகம் பேர் சேர்கிறார்கள் என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மரியாதையை முதலில் கொடு, பதிலைப் பிறகு கேள் என்று நாங்கள் அதைப் புரிந்துகொண்டோம். கணினியும் இணையமும் இல்லாத வீடு குலுக்கலில் வந்தால் அதை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை. எளிய கணினி ஒன்றையும் இணைய இணைப்பையும் கொடுத்துச் சேர்த்துக்கொண்டார்கள். முதியவர்களும் தனியாக வாழ்பவர்களும் உள்ளே வர அதுதான் வழி.

எங்களிடம் பதிவேடும் இல்லை, யூரோவும் இல்லை. ஆனால் குலுக்கலுக்குக் காசு தேவையில்லை அல்லவா? ஏழு விடுதிகளின் அறை எண்களைச் சீட்டெழுதிக் குலுக்கினோம். சீட்டில் வந்த அறைக்குப் போய், அங்கே இருக்கும் முதலாண்டு மாணவர்கள் எல்லோரிடமும், எங்களைப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், உட்கார்ந்து பேசினோம். "அம்பேத்கர் சங்கமா? எனக்கு வேண்டாம்ணா, வீட்ல திட்டுவாங்க" என்று சொன்ன தம்பிதான் எங்களுக்கு முக்கியம். அவரிடம் நான்கு முறை போனோம். இன்றும் பேனலில் இருக்கிறார், இன்றும் எங்கள் கூட்டத்துக்கு வருவதில்லை.

எங்கே தொடங்குகிறோம் என்பதில் சாதி எப்படி வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பதற்குப் பெரிய ஆய்வுகளிலும் சாட்சி உண்டு. சிஎம்ஐஇ நிறுவனம் 2014 முதல் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான குடும்பங்களை ஆண்டுக்கு மூன்று முறை சந்தித்து வருகிறது. வேலையின்மை பற்றிய செய்திகளில் வரும் எண்கள் பலவும் அங்கிருந்தே வருகின்றன. கிராமத்தின் பிரதான தெருவில் தொடங்கி, குறிப்பிட்ட இடைவெளியில் வீடுகளைத் தேர்ந்தெடுத்து, போதாவிட்டால்தான் உள்தெருவுக்குப் போவது அவர்கள் பின்பற்றிய முறை. இதனால் ஏழைகள் குறைவாகப் பதிவாகிறார்கள் என்று ழான் திரேசும் அன்மோல் சோமஞ்சியும் 2021இல் எழுதினார்கள். நிறுவனம் மறுத்துப் பதில் சொன்னது. விவாதம் பொருளாதார மொழியில் நடந்தது. எங்களுக்கு அது இரண்டே சொல்லில் புரிந்தது: ஊர், சேரி. பிரதான தெருவில் தொடங்கினால் எத்தனை வீடு தாண்டினாலும் வருவது ஊர்தானே? சேரி வேறு பக்கம் இருக்கிறது, நடுவில் வாய்க்கால் இருக்கிறது.

சேர்த்தது சுலபம் என்று பிறகுதான் தெரிந்தது. ஆட்களைத் தக்கவைப்பதுதான் உயிரை வாங்கும் வேலை.

முதல் ஆண்டு முடிவதற்குள்ளேயே எண்கள் ஒவ்வொன்றாக இறந்தன. "தாங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு அப்பால் உள்ளார்" என்ற குரலைக் கேட்டுக் கேட்டு எங்கள் அலுவலகத்தில் (அலுவலகம் என்றால் ஒரு தோழரின் மாடியறை) அதைப் போலவே பேசிக் கேலி செய்யும் அளவுக்கு ஆகிவிட்டது. ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண்ணைக் குறைந்தது 90 நாள் கழித்து நிறுவனம் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அப்படி எங்கள் படிவம் ஒருமுறை சம்பந்தமே இல்லாத ஒரு பால் வியாபாரிக்குப் போய், அவர் பொறுமையாக எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதி அனுப்பியிருந்தார். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் கட்டணத்தை ஏற்றிய பிறகு வந்த சுற்றில் பதில்கள் சரிந்தன. ரீசார்ஜ் கட்டணத்தை எங்கள் ஆய்வின் கேள்விகளில் ஒன்றாக வைக்க வேண்டும் என்று அதுவரை எங்களுக்குத் தோன்றவில்லை.

பெண்பிள்ளைகளின் கதை வேறு. 2019-21இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 33 சதவீதம் பேர்தான் இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்கள். ஆண்களில் அது 57 சதவீதம். கல்லூரிக்கு வந்த பிள்ளைகளிடம் செல்பேசி இருந்தது, உண்மைதான். விடுமுறைக்கு ஊருக்குப் போனால் அது அண்ணன் கைக்குப் போய்விடும். மே மாதச் சுற்றில் பெண்களின் பதில் ஏன் குறைகிறது என்று இரண்டு ஆண்டு குழம்பிவிட்டு, பிறகு மே மாதச் சுற்றையே ஜூலைக்கு மாற்றினோம்.

மூன்றாம் ஆண்டு முடிவில் ஒரு தோழர் வரைபடம் போட்டுக் கொண்டுவந்தார். அருமையாக இருந்தது. தேர்ச்சி விகிதம் ஏறுமுகம், உதவித்தொகை கிடைத்தவர்கள் ஏறுமுகம், மனச்சோர்வு இறங்குமுகம். வெளியிடலாம் என்றார். அன்று இரவு எங்களுக்குள் பெரிய சண்டை. ஏனென்றால் அந்த வரைபடத்தில் இருந்தவர்கள் தொடர்பில் இருந்தவர்கள் மட்டுமே. பதில் நின்றுபோனவர்களின் முதல் சுற்றுப் பதில்களை எடுத்துப் பார்த்தோம். அப்பா இல்லாதவர்கள், தமிழ்வழியில் படித்து ஆங்கிலவழிப் பாடத்தில் சேர்ந்தவர்கள், முதலாண்டிலேயே பகுதிநேர வேலைக்குப் போனவர்கள் அதிலே நிறைந்திருந்தார்கள். மனிதர்களின் நிலைமை முன்னேறவில்லை. கஷ்டப்பட்டவர்கள் பட்டியலிலிருந்து உதிர்ந்துபோனதால் சராசரி முன்னேறியிருக்கிறது. அதை வெளியிட்டிருந்தால், ஒரு தலித் அமைப்பே சொல்லிவிட்டது எல்லாம் நன்றாக இருக்கிறது என்று யார் யார் எடுத்து ஆடியிருப்பார்கள் என்று உங்களுக்குத் தெரியும்.

வரைபடம் போட்ட தோழருக்கு வருத்தம்தான். ஆனால் திருப்பூருக்குப் போகலாம் என்று முதலில் சொன்னவரும் அவர்தான். சேர்க்கும்போதே ஒவ்வொருவரிடமும், உன் எண் மாறினால் யாரைக் கேட்டால் நீ இருக்குமிடம் தெரியும் என்று இரண்டு பேரின் தொடர்பு வாங்கி வைத்திருந்தோம். அம்மா, ஒன்றுவிட்ட அண்ணன், டீக்கடைக்காரர், யாராக இருந்தாலும் சரி. இந்த ஆய்வில் நாங்கள் உருப்படியாகச் செய்த காரியங்களில் அதுவே முதலாவது. அந்த நூலைப் பிடித்துக்கொண்டு போய் ஒரு பனியன் கம்பெனிக்குப் பின்புறத் தெருவில் இருந்த லைன் வீடு ஒன்றில் இரண்டு பேரையும், கட்டட வேலை நடக்கும் இடத்தில் ஒருவரையும் கண்டுபிடித்தோம். பிறகு வேறு ஊர்களில் இன்னும் மூவர். கட்டட வேலையில் இருந்த தம்பி எங்களைக் கண்டதும் ஓடி ஒளியப் பார்த்தார். "படிப்ப விட்டுட்டேன்ணா. அந்த ஃபார்ம்ல 'இப்போது எந்த ஆண்டு படிக்கிறீர்கள்'னு முதல் கேள்வி. அதுக்கு என்னான்னு எழுதுறது?" என்று கேட்டார்.

அந்த ஒரு கேள்விதான் அவரை வெளியே தள்ளியது. படிக்காதவருக்கு அந்தப் படிவத்தில் இடமே இல்லை. படிவம் எழுதியது நாங்கள். இப்போது முதல் கேள்வி, "இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?"

கேள்விகளை மாற்றுவது என்று சொன்னதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தொடர் ஆய்வில் கேள்வியை நினைத்தபடி மாற்றக் கூடாது. சென்ற ஆண்டு ஒரு மாதிரி கேட்டு இந்த ஆண்டு வேறு மாதிரி கேட்டால், மாறியது வாழ்க்கையா கேள்வியா என்று தெரியாது. முதல் கேள்வியை மாற்றிய பிறகு இரண்டு சுற்றுக்குப் பழையதையும் சேர்த்தே வைத்திருந்தோம். இன்னொரு வில்லங்கமும் உண்டு. வகுப்பில் சாதிப் பாகுபாட்டைச் சந்தித்தீர்களா என்ற கேள்விக்கு ஆம் என்றால் அடுத்து எட்டுக் கேள்விகள் திறக்கும். இல்லை என்றால் நேராகக் கடைசிப் பக்கம். மூன்றாவது சுற்றிலேயே பிள்ளைகள் இதைக் கண்டுகொண்டார்கள். "இல்லைன்னு போட்டா சீக்கிரம் முடிஞ்சிடும் அக்கா" என்று ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். பாகுபாடு குறைந்திருக்கிறது என்று நாங்கள் நினைத்ததில் எவ்வளவு இந்தச் சோம்பல், எவ்வளவு உண்மை என்று பிரிக்கவே முடியாமல் போயிற்று. இப்போது இரண்டு பதிலுக்கும் கேள்விகளின் எண்ணிக்கை ஒன்றுதான்.

சரி, அந்தக் குரல் பதிவுக்கு வருகிறோம்.

அந்தத் தங்கை இரண்டாம் ஆண்டில் விடுதியை விட்டு, நகரத்தில் மூன்று தோழிகளோடு வாடகை அறைக்கு மாறியிருந்தார். வீடு கொடுத்தவர்கள் என்ன ஆட்கள் என்று கேட்டபோது மழுப்பிவிட்டார். அறைத் தோழிகளுக்கும் சொல்லவில்லை. அது அவருடைய முடிவு, அதைக் குறைசொல்ல எவருக்கும் உரிமை இல்லை. ஒருநாள் அவர் குளிக்கப் போயிருந்தபோது மேசைமேல் இருந்த செல்பேசியில் எங்கள் நினைவூட்டல் வந்தது. பூட்டியிருந்த திரையிலேயே முழு வரியும் தெரிந்தது. "பட்டியல் சாதி மாணவர் தொடர் ஆய்வு: உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறோம்."

யாரும் சண்டை போடவில்லை. அன்று இரவிலிருந்து தட்டுகள் பிரிந்தன. அடுத்த மாதம் வீட்டுக்காரர், சொந்தக்காரர்கள் வருகிறார்கள், அறை வேண்டும் என்றார். அவருக்கு மட்டும்.

நாங்கள் செய்தது அது. தீண்டாமையை அளக்கப் போனவர்கள் தீண்டாமையை அந்த அறைக்குள் கொண்டுபோய் விட்டோம். வேறொருவருடைய சாதிவெறிதான் காரணம் என்று எங்களில் சிலர் ஆறுதல் சொல்லிக்கொண்டார்கள். சரிதான். ஆனால் கதவைத் திறந்து கொடுத்தது எங்கள் வரி. மூன்று வாரம் கழித்து, அவருடைய விடுதித் தோழி மூலமாக அனுமதி கேட்டு, எங்களில் இரண்டு பெண்கள் போய்ப் பார்த்தார்கள். அவர் அழவில்லை. "நீங்க கேக்கறப்ப ஒரு ஃபார்ம்லதான் அக்கா நான் உண்மையா எழுதினேன்" என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு எங்கள் பேனலின் பெயரில் சாதி என்ற சொல் இல்லை. கல்லூரிக்காலக் குறிப்பேடு என்பது போன்ற சாதாரணப் பெயர்தான். நினைவூட்டலில் "இந்த மாதக் குறிப்பு தயார்" என்பதற்கு மேல் ஒரு சொல் இருக்காது. எந்த நேரத்தில், எந்த வழியில் தொடர்புகொள்ளலாம் என்று அவர்களே குறித்துக் கொடுப்பார்கள். பெயரும் செல்பேசி எண்ணும் ஒரு கணினியில், பதில்கள் வேறொன்றில். இரண்டையும் இணைக்கும் எண் பட்டியல் ஒரே ஒருவரிடம். அவர் பெயரை அமைப்புக்குள்ளேயே பலருக்குச் சொல்வதில்லை. வெளியேறுகிறேன் என்று யாராவது சொன்னால் காரணம் கேட்பதில்லை, எண்ணை அன்றே அழிக்கிறோம்.

சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு தகவல். 2019இல் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட தனிநபர் தரவுப் பாதுகாப்பு மசோதாவில் சாதி, பழங்குடி விவரங்கள் மிகுந்த கவனம் தேவைப்படும் தரவு என்று தனியாக வகைப்படுத்தப்பட்டிருந்தன. 2023இல் நிறைவேறிய சட்டத்தில் அந்த வகைப்பாடே இல்லை. நம் செல்பேசி எண்ணும் நம் சாதியும் அந்தச் சட்டத்தின் கண்ணில் ஒரே எடைதான். அந்த வாடகை அறையின் கண்ணில் அப்படியில்லை.

ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொருவருக்கும் ஒரு மாத ரீசார்ஜில் ஒரு பங்குத் தொகை அனுப்புகிறோம், படிவத்தைத் திறப்பதற்கு முன்பே. டச்சுக்காரர்களிடம் கற்றது. அதைவிட வேலை செய்தது, முடிவுகளை ஒரு பக்கத்துக்கு எளிய தமிழில் எழுதி அவர்களுக்கே முதலில் அனுப்பியது. உதவித்தொகைக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பவர் தான் மட்டும் இல்லை என்று தெரிந்ததும், ஒரு கல்லூரிப் பிள்ளைகள் அவர்களாகவே சேர்ந்து மாவட்ட அலுவலகத்துக்கு மனு கொடுக்கப் போனார்கள். இது ஆய்வைக் கெடுத்துவிடும், ஆட்களின் நடத்தையை மாற்றிவிடும் என்று ஒரு பேராசிரியர் எச்சரித்தார். கெடுத்திருக்கலாம். மனு கொடுத்த கல்லூரியைத் தனியாகக் குறித்து வைத்திருக்கிறோம், கணக்குப் போடும்போது அதைப் பிரித்துப் பார்ப்போம். அதற்காக அவர்களிடம் சொல்லாமல் வைத்துக்கொள்ள எங்களால் முடியவில்லை.

அந்தத் தங்கை எங்கள் பட்டியலில் இப்போது இல்லை. அவர் கடைசியாகப் பதிலளித்த சுற்றுக்குப் பிறகு அவர் வரிசை காலியாக இருக்கிறது. படிப்பை முடித்தாரா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. விசாரித்தால் தெரிந்துவிடும், விசாரிக்கவில்லை. இந்த ஆண்டுச் சுற்றுக்குப் புதிதாகச் சீட்டுக் குலுக்க வேண்டும். பதில் வராத எண்களைப் பிரித்து எடுத்துக்கொண்டு இரண்டு பேர் சனிக்கிழமை காலை திருப்பூருக்கும், இரண்டு பேர் ஒரகடத்துக்கும் போகிறார்கள். பேருந்துக் கட்டணத்துக்கு உண்டியல் குலுக்கியாகிவிட்டது.